வன்னிக் குளங்களின் சேறு சொல்லும் காலநிலை

2002ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டபின் வன்னிக்குள் சென்று வந்த பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன். போரைப் பற்றியும் சமாதானத்தைப் பற்றியும் எழுதுவதற்காகவே போயிருந்தேன். ஆயினும், அந்த ஆண்டின் ஆவணி மாதத்தில், மாங்குளத்துக்கு மேற்கே வற்றிக் கிடந்த ஒரு சிறு குளத்தின் அலைகரையில் நின்ற ஒரு மணித்தியாலம்தான் இன்றுவரை மனதில் நிற்கிறது. எழுதிய செய்திகளில் பெரும்பாலானவை மறந்துபோய்விட்டன.

குளத்தின் நடுவே மாடுகளுக்காக ஒரு கிடங்கு வெட்டியிருந்தார்கள். ஓராள் உயரம் இருக்கும். "தண்ணி நிக்கேக்க வந்து என்னத்தைப் பாக்கப் போறியள் தம்பி? இப்ப இறங்கிப் பாருங்கோ" என்று ஒரு பெரியவர் சொன்னார். இறங்கினேன். மேலே வெடித்துக் காய்ந்த கறுப்புக் களி. அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு படை. அதற்கும் கீழே ஒரு விரற்கடை தடிப்பில் மணல். மீண்டும் களி. அடியில் உருண்டைக் கற்கள். களிக்குள் ஓட்டுத் துண்டுகள் இரண்டு செருகிக்கொண்டிருந்தன. "இந்த மணல் எப்ப வந்தது ஐயா?" என்று கேட்டேன். "அது கட்டு உடைச்ச வருசம் வந்திருக்கும். எந்த வருசமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்வியை, அதாவது குளத்தின் அடிமண்ணில் படிந்துள்ள படைகளைக் கொண்டு பழங்கால மழையையும் வறட்சியையும் அறிய முடியுமா என்பதை, விஞ்ஞானிகள் உலகின் பல பாகங்களிலும் கேட்டு வருகிறார்கள் என்பதைப் பின்னர்தான் வாசித்து அறிந்தேன். மெக்சிக்கோவின் யுக்காத்தான் பகுதியில் சிச்சான்கனாப் என்றொரு ஏரி உண்டு. அதன் அடிச்சேற்றில் குழாய் இறக்கி எடுத்த மண்ணை ஆராய்ந்து, மாயா நாகரிகம் தளர்ந்த ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் கடும் வறட்சி நிலவியது என்று டேவிட் ஹொடெல் முதலானோர் 1995இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஏரி சுண்டும்போது ஜிப்சம் படிகிறது. சேற்றில் ஜிப்சம் மிகுந்த படை எதுவோ அது மழை பொய்த்த காலம். இவ்வளவு எளிமையான தர்க்கந்தான்.

வன்னியில் இந்தத் தர்க்கத்தை அப்படியே பிரயோகிக்க முடியாது. காரணங்கள் இரண்டு. நமது குளங்கள் இயற்கை ஏரிகள் அல்ல, மனிதன் கட்டியவை. கட்டு எழும்பிய நாளிலிருந்துதான் அவற்றின் சேறு பேசத் தொடங்குகிறது. அடுத்தது, அவை ஆண்டுதோறும் வற்றுபவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சேறு வெடித்துக் காற்றுப்படுவதால் அதனுள் இருக்கும் மகரந்தத் தூள்கள் அழிந்துவிடுகின்றன. எருமை வேறு படைகளைக் கலக்கிவிடுகிறது. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஏரி ஒன்றின் அடிமண் நன்றாகப் பைண்ட் செய்த புத்தகம் என்றால், நமது குளத்தின் அடிமண் கறையான் தின்ற ஏட்டுச்சுவடி.

ஆனால் கறையான் தின்ற ஏட்டையும் வாசித்தவர்கள் இருக்கிறார்கள் அல்லவா?

இலங்கையின் கற்கால வரலாற்றை ஆராய்பவர்கள் 'இரணைமடுப் படிவம்' என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துவார்கள். கிளிநொச்சிக்காரர் பலருக்கு இது தெரியாது என்பது எனது அனுபவம். அடியில் சரளைக் கற்கள், அதன்மேல் காற்று கொண்டுவந்து குவித்த சிவந்த மணல் என்ற அமைப்புடைய தொன்மையான மண்படைக்கு நம்முடைய இரணைமடுவின் பெயரே வழங்குகிறது. தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் பூந்தலவில் இதே அமைப்புக் காணப்பட்டாலும் அதற்கும் இரணைமடுப் படிவம் என்றுதான் பெயர்! சரளைகளுக்குள் கற்கருவிகள் கிடைக்கின்றன. வறண்ட தாழ்நிலத்தின் இத்தகைய சரளைகளில் கற்கருவிகளை இனங்கண்டு 1919இல் எழுதியவர் ஈ. ஜே. வேலண்ட் என்ற புவியியலாளர். அவர் பின்னர் உகண்டாவுக்குப் போய், கிழக்காபிரிக்க ஏரிகள் முற்காலத்தில் பெருகியும் வற்றியும் வந்தன, அவற்றுக்கு மழைமிகு காலங்களும் வறள் காலங்களும் மாறிமாறி வந்தமையே காரணம் என்ற கொள்கையை முன்வைத்துப் புகழ் பெற்றார். அக்கொள்கையின் விவரங்கள் பிற்காலத்தில் செல்லுபடியாகாமற் போயின என்பது வேறு விடயம்.

இரணைமடுப் படிவத்தை முறையாக ஆராய்ந்தவர் தொல்லியல் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகமாக இருந்த சிரான் தெரணியகல. 1992இல் வெளிவந்த அவருடைய பெருநூலுக்கு 'இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய காலம்: ஒரு சூழலியல் நோக்கு' என்ற பொருள்படத் தலைப்பிட்டிருந்தார். மன்னர்களின் பட்டியலை மட்டுமே வரலாறு என்று படித்து வந்த நமக்கு அந்தத் தலைப்பே ஒரு பாடம். சரளை படிந்தது நீர்ப்பெருக்குள்ள காலம். சிவந்த மணல் குவிந்தது காற்றோங்கிய காலம். இந்த மணலின் வயதை அறிய அகமதாபாத்திலுள்ள பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஏ. கே. சிங்வி குழுவினருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1986இல் வெளிவந்தது. பூந்தலவில் நுண்கற்கருவிகள் கிடைத்த படைக்கு 28,000 ஆண்டு வயது கிடைத்தது. அப்பகுதியின் தொன்மையான சரளைகளை அவர் ஏறத்தாழ 125,000 ஆண்டுகளுக்கு முந்தியவை எனக் கொண்டார். தெரணியகல 2021இல் காலமானார். அவரைப் பற்றித் தமிழில் வந்த அஞ்சலிகள் மிகக் குறைவு.

மணலுக்கு எப்படி வயது பார்ப்பது என்று வாசகர்கள் கேட்கலாம். மணல் என்பது பெரும்பாலும் படிகக்கல்லின் துகள். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும்போது சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சைத் துகள் சிறிது சிறிதாகச் சேமித்து வைத்துக்கொள்கிறது. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும். ஆகவே, இருட்டில் தோண்டி எடுத்து ஆய்வுகூடத்தில் வெப்பமோ ஒளியோ பாய்ச்சினால், துகள் மங்கலாக ஒளிரும். அந்த ஒளியின் அளவிலிருந்து, அது கடைசியாக வெயில் கண்டு எவ்வளவு காலமாயிற்று என்று கணிக்கலாம். இதற்கு மகரந்தமும் வேண்டாம், கரியும் வேண்டாம். வற்றி வெடிக்கும் குளங்களுக்கு ஏற்ற முறை இதுவே.

இதே முறையைக் கொண்டுதான் அநுராதபுரத்தைச் சுற்றியுள்ள கிராமப்புறக் குளங்களை, ஸ்கொத்லாந்தின் ஸ்டேர்லிங், இங்கிலாந்தின் டேரம் ஆகிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் இலங்கை ஆய்வாளர்களும் இணைந்து ஆராய்ந்தார்கள். கிறிஸ்டா கில்லிலான்ட், இயன் சிம்ப்சன், றொபின் கொனிங்ஹாம், பிரிஷாந்த குணவர்தன ஆகியோர் அவர்களுள் சிலர். 2013இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையின் தலைப்பே 'வற்றிய குளம்' என்றுதான் தொடங்குகிறது. குளக்கட்டுகளையும் அடிமண்ணையும் வெட்டிப் பார்த்தார்கள். மண்ணைப் பிசினில் உறையவைத்து, கண்ணாடிபோல மெல்லியதாகச் சீவி நுண்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். ஒளிர்வு முறையில் வயது கணித்தார்கள்.

முடிவுகள் சுவையானவை. நீர்த்தேக்க வேலைகள் அங்கே கி.மு. 400க்கும் 200க்கும் இடையில் தொடங்கியிருக்கின்றன. அதற்கு முன்னரே, இயற்கையாக ஈரம் தங்கும் தாழ்வுகளில் மக்கள் விட்டு விட்டு இருந்து பயிர் செய்திருக்கிறார்கள். குளங்கள் அந்தத் தாழ்வுகளின் மேலேயே கட்டப்பட்டன. தலைநகரம் உச்ச அளவை எட்டிய பின்னரும் கட்டுவேலை தொடர்ந்தது. பிறகு கி.பி. 1100க்கும் 1200க்கும் இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான குளங்கள் கைவிடப்பட்டன. ஆனால் நிலம் வெறுங்காடாகிவிடவில்லை. சிறிய அளவில் தமக்கு வேண்டியதைப் பயிரிட்டு வாழும் மக்கள் அங்கே தொடர்ந்து இருந்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டுக்கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நாங்கள் பாடசாலையில் படித்த வரலாற்றில் குளங்களின் அழிவுக்கு இரண்டு குற்றவாளிகள் உண்டு. ஒருவர் 993ஐ ஒட்டி அநுராதபுரத்தைப் பிடித்த சோழர். மற்றவர் 1215இல் வந்திறங்கிய கலிங்க மாகன். இருவரும் நம் பக்கத்து ஆட்கள் என்று கருதப்பட்டதால், சிங்களப் பாடநூல்கள் பழி சுமத்தின. நம்மில் சிலர் அதை மறுக்கவும் வேறு சிலர் உள்ளூரப் பெருமைப்படவும் செய்தார்கள். ஆனால் மணல் சொல்லும் காலமோ சோழர் 1070இல் வெளியேறிய பின்னர்; மாகன் வருவதற்கு முன்னர். பெருங்குளங்கள் கட்டியவன் என்று சூளவம்சம் போற்றும் முதலாம் பராக்கிரமபாகு ஆண்டது 1153 முதல் 1186 வரை. அவனுடைய புகழ் பொலன்னறுவையில் ஓங்கியிருந்த அதே நூற்றாண்டில்தான் அநுராதபுரத்துக் கிராமக் குளங்கள் தூர்ந்துகொண்டிருந்தன! ஒளிர்வு முறையில் சில பத்தாண்டுகள் முன்பின்னாகலாம் என்பதையும், இது ஒரு வட்டாரத்தின் கணக்கு என்பதையும் மறந்துவிடலாகாது. ஆயினும் ஒரு படையெடுப்பு, ஒரு வீழ்ச்சி என்ற பழைய கதை இனி எளிதில் நிற்காது என்பது என் கருத்து.

படையெடுப்பை விட்டு வேறு காரணம் தேடியவர்கள் முன்பே இருந்தார்கள். லூசியஸ் நிக்கல்ஸ் 1921இல் மலேரியாவைக் காட்டினார். அமெரிக்கப் புவியியலாளர் றோட்ஸ் மர்ஃபி 1957இல் எல்லாக் காரணங்களையும் வரிசைப்படுத்தி எடைபோட்டார். பேராசிரியர் கா. இந்திரபாலா 1971இல், இராசரட்டை நாகரிகத்தின் வீழ்ச்சி பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து ஒரு நூலாக்கினார். அவர் யாழ்ப்பாணத்தவர், இந்தக் கேள்வியை இனக் கேள்வியாக அல்லாமல் வரலாற்றுக் கேள்வியாக அணுகலாம் என்று அந்தக் காலத்திலேயே காட்டியவர்.

மலேரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1934-35 கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். வறண்ட பிரதேசத்தைவிட, கேகாலை, குருநாகல் முதலிய ஈரப்பாங்கான பகுதிகளே பெரிதும் அடிபட்டன. மழை பொய்த்து ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாகத் தேங்கியதே காரணம். அந்நோயைப் பரப்பும் நுளம்புக்கு அத்தகைய தெளிந்த தேக்கமே பிடித்தமானது. ஆகவே, 'குளம் இருந்தால் மலேரியா' என்ற கணக்கு அவ்வளவு நேரானதன்று. கட்டுடைந்து பராமரிப்பற்றுப்போன குளமும், ஓட்டம் நின்ற ஆறுமே ஆபத்து. காலநிலை, நோய், நிர்வாகம் மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். (2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வன்னியில் அந்த நோயால் வாடியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பது தெரியும்.)

அப்படியானால் அக்காலத்தில் மழை எப்படி இருந்தது? இங்கேதான் சிக்கல். இந்தியாவின் சத்தீஸ்கரிலுள்ள தண்டக் குகையின் சுண்ணாம்புக் கூம்புகளை ஆராய்ந்தவர்கள், பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் பெருவறட்சிகள் வந்ததாகக் கூறுகிறார்கள். வியட்நாமின் மலைமரங்களின் வளையங்களைப் படித்த பிரண்டன் பக்லி குழுவினர், அங்கோர் நகரை நீண்ட வறட்சியும் இடையிடையே பெருமழையும் தாக்கின என்று 2010இல் எழுதினார்கள். வறட்சியில் தூர்ந்த கால்வாய்களை வெள்ளம் வந்து உடைத்தது என்பது அவர்கள் தரும் சித்திரம். ஆனால் அவை தென்மேற்குப் பருவமழையின் ஆவணங்கள். வன்னியின் மழை வாடையோடு வருவது. ஐப்பசி முதல் தை வரை பெய்வது. வங்கக் கடலின் தாழமுக்கங்களையும் புயல்களையும் நம்பியிருப்பது. தென்மேற்குக் காலத்தில் நமக்குக் கிடைப்பது வறண்ட கச்சான் மட்டுமே. இலங்கையிலேயே ஹோர்ட்டன் சமவெளியின் சேற்றிலிருந்து ஏறத்தாழ 24,000 ஆண்டுக் காலநிலையை இரத்னசிறி பிரேமதிலக்க வாசித்துக் காட்டியிருக்கிறார். அவருடைய ஆய்வு 2003இல் வெளிவந்தது. உறைபனிக் காலத்தின் உச்சத்தில் அங்கே வறட்சி நிலவியது என்றும் பின்னர் மழை வலுத்தது என்றும் மகரந்தம் சொல்கிறது. மதிப்புக்குரிய ஆய்வுதான். ஆனால் 2,000 மீற்றருக்கு மேலுள்ள மலைச் சமவெளியின் மழையை வைத்து முல்லைத்தீவின் மழையைச் சொல்லிவிட முடியாது.

வன்னிக்கு வன்னியின் சேறுதான் பேச வேண்டும். கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சுண்டிக்குளம் ஆகிய கடல்நீரேரிகள் ஆண்டு முழுவதும் ஈரம் காயாதவை. ஆறுகள் அடித்துவரும் மண்ணைப் பல்லாயிரம் ஆண்டுகளாக வாங்கி வைத்திருப்பவை. புயல் அடித்த ஆண்டில் கடல்மணல் உள்ளே வந்திருக்கும். மழை பொய்த்த ஆண்டில் உப்பை விரும்பும் நுண்பாசிகள் பெருகியிருக்கும். குழாய் இறக்க வேண்டிய இடங்கள் இவையே. நந்திக்கடல் என்றதும் நமக்கு 2009 மே மாதம் நினைவுக்கு வருகிறது. அதன் கரைகளில் கண்ணிவெடி அகற்றுவோர் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மண்ணுக்குக் கீழே வேறு பல காலங்களும் கிடக்கின்றன.

சேற்றைத் தவிர இன்னொரு ஆவணமும் நம்மிடம் உண்டு. அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஊர்ப் பெயர்களைத்தான் சொல்கிறேன். தண்ணிமுறிப்பு, மூன்றுமுறிப்பு, கரிப்பட்டமுறிப்பு. 'முறிப்பு' என்றால் வெள்ளம் கட்டை உடைத்த இடம். கனகராயன்குளம், புளியங்குளம், மாங்குளம், செட்டிகுளம் என்று குளங்களின் பெயர் தாங்கிய ஊர்களுக்கு நடுவே, உடைந்த குளத்தின் பெயராலேயே ஊர்கள் நிலைத்திருக்கின்றன என்றால், அந்த உடைப்பு எத்தனை தலைமுறைக்கு நினைவில் நின்றிருக்க வேண்டும்! 'மடு' என்பதோ கட்டில்லாத இயற்கைப் பள்ளம். இரணைமடு என்றால் இரட்டை மடுக்கள். அநுராதபுரத்தில் நுண்காட்டியால் கண்டுபிடித்த விடயம், அதாவது இயற்கையில் ஈரம் தங்கிய தாழ்வின்மேல் பிற்காலத்தில் நீர்த்தேக்கம் எழுந்தது என்பது, இரணைமடுவில் பெயரிலேயே இருக்கிறது. 1895இல் வன்னி மாவட்டங்களின் கையேட்டை எழுதிய ஆங்கில அதிகாரி ஜே. பி. லூயிஸ் இந்தப் பெயர்களில் ஆர்வம் காட்டியவர்.

லூயிசுக்குச் சற்று முன்னும் சமகாலத்திலும் வன்னிக் காடுகளில் அளவுநாடாவுடன் திரிந்தவர் ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். செங்கல்லின் அளவை வைத்துக் கட்டடத்தின் வயதைக் கணிக்கும் முறையொன்றை அவர் கையாண்டார். பாலியாற்றை மறித்துக் கட்டப்பட்ட வவுனிக்குளத்தை, மகாவம்சம் குறிப்பிடும் பேலிவாபியாக இனங்கண்டு, இலங்கையின் மிகப் பழைய நீர்த்தேக்கங்களில் ஒன்றாகக் கருதினார். அது எல்லாளன் காலத்துக் குளமென்று நம்மவர் மேடைகளில் சொல்வதுண்டு. துட்டகைமுனு காலத்தது என்று மற்றத் தரப்பு சொல்லும். செங்கல்லின் நீள அகலத்தை வைத்து யாருடைய தாய்மொழியையும் கண்டுபிடிக்க முடியாது. ஒளிர்வு முறையும் அதைச் செய்யாது. செய்யாதிருப்பதே அதன் சிறப்பு. குருந்தூர்மலை அடிவாரத்தில் தண்ணிமுறிப்புக் குளம் இருக்கிறது. மலையுச்சியின் இடிபாடுகள் யாருடையவை என்று அண்மை ஆண்டுகளில் வழக்குகள் நடந்தன, பொலிஸார் நின்றார்கள், பிக்குகளும் பூசகர்களும் வந்தார்கள். குளத்தின் அடிமண்ணை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இது வெறும் பழங்கதை ஆர்வமன்று. இன்று நாம் காணும் இரணைமடுக் குளம் ஆங்கிலேயர் காலத்தது; 1902இல் வேலை தொடங்கி 1920ஐ ஒட்டி முடிந்தது. பின்னர் பல தடவை கட்டு உயர்த்தப்பட்டது. இத்தகைய கட்டு எத்தனை அடி நீரைத் தாங்க வேண்டும், வான்கதவுகள் எவ்வளவு நீரை வெளியேற்ற வேண்டும் என்பதைப் பொறியியலாளர்கள் மழைமானிப் பதிவுகளிலிருந்தே கணிக்கிறார்கள். அந்தப் பதிவுகள் நூற்றைம்பது ஆண்டு எல்லையைத் தாண்டுவதில்லை. 2016-17இல் இலங்கை நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி என்றார்கள். அடுத்த ஆண்டே, 2018 டிசம்பர் 22ஐ ஒட்டிய நாட்களில், இரணைமடுவின் வான்கதவுகள் எல்லாம் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கதவைத் திறந்த நேரம் சரியா பிழையா என்று மாதக்கணக்கில் வாதிட்டோம். நானும் எழுதினேன். ஆனால் இப்படியொரு மழை ஐம்பது ஆண்டுக்கு ஒரு முறை வருவதா, ஐந்நூறு ஆண்டுக்கு ஒரு முறையா என்று அன்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அதற்கான விடை மழைமானியில் இல்லை. கனகராயன் ஆறு போய் விழும் சுண்டிக்குளத்தின் சேற்றில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடு நீரைக் கொண்டுபோகும் திட்டத்தில் நடந்த சண்டையையும் இந்த இடத்தில் நினைக்கலாம். கிளிநொச்சி விவசாயிகள் சிறுபோகம் போய்விடும் என்றார்கள். யாழ்ப்பாணத்தார் 'வீணாகக் கடலுக்குப் போகும் நீர்தானே' என்றார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நான் யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவன். அந்த நீர் கெட்டுப்போனதை அறிவேன். இருந்தும் 'வீணாகும் நீர்' என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. வான் பாய்ந்து போகும் நீர்தான் சுண்டிக்குளத்தின் உப்பைத் தணிக்கிறது. இறாலும் மீனும் அதை நம்பியே இருக்கின்றன. வலசை வரும் பறவைகளுக்காக அந்த இடம் 1938லேயே சரணாலயமாக்கப்பட்டது. மேலேயுள்ள குளத்தின் வான்நீர் கீழேயுள்ள குளத்துக்கும், அதன் வடிநீர் அடுத்ததற்கும் போய்ச் சேரும் தொடர்க்குள அமைப்பைப் பேராசிரியர் சி. எம். மத்துமபண்டார 1985இல் விளக்கி எழுதினார், 2017இல் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் அதை உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. அந்தத் தொடரின் கடைசிக் கண்ணி கடல்நீரேரி. அதைக் கணக்கில் சேர்க்காமல் நீர்ப்பங்கீடு பேசுவது, கடைமடைக்காரனை அழைக்காமல் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைப்பதற்குச் சமம்.

2002இல் நான் இறங்கிப் பார்த்த அந்தச் சிறு குளத்தைப் போருக்குப் பின்னர் ஒருமுறை தேடிப் போனேன். அந்தப் பெரியவர் இல்லை. குளம் புனரமைக்கப்பட்டுப் புதிய துருசு வைத்திருந்தார்கள். ஆழமாக்குவதற்காக அடிமண் முழுவதையும் கனரக இயந்திரத்தால் வழித்தெடுத்துக் கட்டில் கொட்டி இறுக்கியிருந்தார்கள். கட்டின் சரிவில் கறுப்புக் களியும் சாம்பல் களியும் மணலும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. புல் முளைத்திருந்தது. குளம் நிறையத் தண்ணீர், ஒல்லிப் பூக்கள், இரண்டு பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு அது நல்ல காரியந்தான். அந்த ஒரு விரற்கடை மணல் எந்த ஆண்டு வந்தது என்பதை மட்டும் இனி அந்தக் குளத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.